மூடாமல் விட்ட சரளைப் பள்ளம்

சென்ற மாதம் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் ஹேவ்லாக் தீவுக்குப் போகும் படகுக்காக உட்கார்ந்திருந்தபோது, நான் வேலை பார்த்த இடத்தில் இப்போது இருக்கும் இளம் பொறியாளர் ஒருவர் என்னை அடையாளம் கண்டு பக்கத்தில் வந்து அமர்ந்தார். சௌல்தாரிப் பக்கம் பழைய குவாரிகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். "மத்த பள்ளத்தை எல்லாம் நல்லா மூடி மரம் வச்சிருக்கீங்க சார். நாலா ஓரத்துல இருக்கற அந்த ஒண்ணை மட்டும் ஏன் பாதியிலயே விட்டுட்டுப் போயிட்டீங்க?" என்று கேட்டார். கேட்ட தோரணையில் மரியாதை இருந்தது. கொஞ்சம் பரிதாபமும் இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் படகுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

ஹேவ்லாக் போய்ச் சேரும்வரை அந்தக் கேள்வி என்னை விடவில்லை. நான் கோபக்காரன் இல்லை, ஆனால் "பாதியில்" என்ற சொல் உறுத்தியது. என் வேலைக்காலத்தில் முழுசாக முடித்த வேலை ஒன்று உண்டென்றால் அது அந்தப் பள்ளம்தான். அதனால் பதிலை எழுதியே விடுவது என்று உட்கார்ந்துவிட்டேன்.

எனக்குச் சொந்த ஊர் முதுகுளத்தூர்ப் பக்கம். தண்ணீரைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடுகிற ஊர். மச்சான் கடையில் கணக்கு எழுத என்று கப்பலேறி இந்தத் தீவுக்கு வந்தவன், கணக்கு வராமல் படகு பழுதுபார்க்கும் பட்டறைக்குப் போய், அங்கே பம்புகளைப் பிரித்து மாட்டக் கற்றுக்கொண்டேன். என் பயிற்சியும் படிப்பும் அவ்வளவுதான். சுனாமிக்குப் பிறகு தீவெங்கும் வீடு கட்டும் வேலை பெருகி, கல்லுக்கும் சரளைக்கும் ஆலாய்ப் பறந்தார்கள். கடற்கரை மணலைத் தொடக்கூடாது என்று கண்டிப்பு. அப்போது சௌல்தாரிப் பக்கம் ஒரு நாலா ஓரத்தில், அதாவது மலையிலிருந்து வந்து கடல்கழியில் விழும் ஓடையின் ஓரத்தில், சரளை எடுக்கும் வேலை தொடங்கியது. பள்ளத்தில் ஊறும் தண்ணீரை இறைத்து வெளியேற்றும் பொறுப்பு எனக்கு. வீட்டில் சொன்னதும் என் மனைவி, "தண்ணியக் கீழ கொட்டுறதுக்குச் சம்பளமா? நம்ம ஊர்ல சொல்லிடாதீங்க, கல்லெடுத்து அடிப்பாங்க" என்றாள்.

அங்கே எங்களுக்கு மேலாளராக இருந்தவர் பிஸ்வாஸ் பாபு. வங்காளிக் குடியேற்றக் குடும்பத்தில் தீவிலேயே பிறந்து வளர்ந்தவர். ஒல்லியான மனிதர், சத்தமே போடமாட்டார். கையில் எப்போதும் ஒரு மூங்கில் கம்பு, அதில் வளையம் வளையமாகப் பெயின்ட் அடித்திருப்பார். காலையில் வந்ததும் அந்தக் கம்பைப் பள்ளத்தில் ஒருமுறை, நாலாவில் ஒருமுறை, பக்கத்துக் கிணற்றில் கயிறு கட்டி ஒருமுறை இறக்கிப் பார்ப்பார். பிறகு என்னிடம் வந்து, "முத்து பாய், பானி கியா போல்தா ஹை?" என்பார். தண்ணீர் என்ன சொல்கிறது என்று கேள்வி. வணக்கம், நலமா எல்லாம் அவரிடம் கிடையாது. முதல் வாரம் அவருக்கு ஏதோ கோளாறு என்றுதான் நினைத்தேன். அடுத்த வாரம் நானும் கம்பை இறக்கிப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

இயந்திரம் வந்து நின்றும் அவர் தோண்டவிடவில்லை. முதலில் மேல்மண்ணை மட்டும் தோல் உரிப்பதுபோல் எடுக்கச் சொன்னார். அதை ஆள் உயரத்துக்கு மேல் குவிக்கக்கூடாது, குவித்தால் அடியில் இருக்கும் மண் செத்துப்போகும் என்பார். குவியலின்மேல் பயறு தெளித்தோம். பொக்லைன் ஓட்டிய அப்பாராவ், "மண்ணுக்குப் போர்வையா போடறாரு" என்று முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினான். அடுத்து, மலையிலிருந்து வரும் நல்ல தண்ணீர் பள்ளத்துக்குள் விழுந்து கலங்காமல் இருக்கச் சுற்றிலும் ஒரு வாய்க்கால். பள்ளத்தின் தரை ஒரு மூலைக்குச் சரிந்திருக்கும். அங்கே ஊறிச் சேர்வதை நான் இறைத்து ஒன்றன்பின் ஒன்றாக வெட்டிய வண்டல் குழிகளுக்கு விடுவேன். கடைசிக் குழியிலிருந்து அதை நாலாவுக்குத் திறந்துவிடலாமா கூடாதா என்பதற்கும் பாபு ஒரு சோதனை வைத்திருந்தார். ஓரத்தில் எனாமல் பெயர்ந்த வெள்ளைத் தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் இறக்குவார். முழங்கை ஆழத்தில் அந்தப் பெயர்ந்த இடம் கண்ணுக்குத் தெரிந்தால் மதகைத் திறக்கலாம், தெரியாவிட்டால் காத்திருக்க வேண்டும். அதுவும் கடல் வற்றும் நேரத்தில்தான். மதியச் சோற்றையும் அதே தட்டில்தான் சாப்பிடுவார்.

இனி நிலத்துக்காரியைச் சொல்ல வேண்டும். மாரியாயி அக்கா இலங்கை மலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர். சின்ன வயதில் குடும்பத்தோடு அங்கிருந்து கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு வந்து, கணவரும் தானுமாக உழைத்து மிச்சம் பிடித்துச் சௌல்தாரிப் பக்கம் இரண்டு துண்டு நிலம் வாங்கினார்கள். கணவர் போய்ச் சேர்ந்தபின், சுனாமியில் கச்சாலிலிருந்த வீடும் போக, இங்கே வந்து தனியாகக் குடிசை போட்டார். வந்து பார்த்தால் கழியோரத்து நெல்வயல் இல்லை. சுனாமியைக் கிளப்பிய நிலநடுக்கத்தில் தரையே தாழ்ந்துவிட்டதால் கடலேற்றம் வரும்போதெல்லாம் உப்புத்தண்ணீர் உள்ளே வந்து தங்கியது. வரப்பு மட்டும் தண்ணீருக்கடியில் கோடு கோடாகத் தெரியும். மிச்சம் இருந்தது மேட்டில் இருந்த இந்தச் சரளை நிலமும் அதன் ஓரத்துக் கிணறும்தான். கல்லை எடுத்துக்கொண்டு, பள்ளத்தை மூடி, மேல்மண் பரப்பிச் சமமாகத் திருப்பித் தரவேண்டும் என்ற பேச்சின்மேல்தான் நிலத்தை விட்டிருந்தார். வாழையும் பாக்கும் வைக்க வேண்டும் என்பது அவர் திட்டம்.

பிஸ்வாஸ் பாபு முதல் நாளே ஒரு கட்டளை போட்டார். அவர் போட்ட ஒரே கட்டளையும் அதுதான். வேலையிடத்துக்கு வெளியிலிருந்து யாரும் குடிதண்ணீர் கொண்டுவரக்கூடாது. எல்லாருக்கும் தேநீர் மாரியாயி அக்கா கிணற்றுத் தண்ணீரில். அவர்தான் போட்டுத் தருவார். "அவர் கிணற்றை நாம் கெடுத்தால் முதலில் நம் வாய்க்குத் தெரியவேண்டும்" என்றார். தேநீரில் கைதேர்ந்தவர் அக்கா. பால் சேர்க்கவிடமாட்டார். கொதித்த தண்ணீரைத் தூளில் ஊற்றி, மூடி வைத்து, அரசாங்க ரகசியம்போலக் காத்து, பிறகுதான் வடிகட்டுவார்.

மழை போய் வெயில் ஏறிய மாதங்களில் பள்ளம் நன்றாக ஆழம் போய்விட்டது. பம்பு காலையிலிருந்து மாலைவரை ஓடியது. ஒருநாள் அக்கா தம்ளர்களைக் கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றார்.

"தம்பி, குடிச்சுப் பாத்துட்டுச் சொல்லு. இன்னைக்குத் தேத்தண்ணியில சாயமே சரியா எறங்கல. மேல ஆடை மாதிரி என்னமோ படியுது."

குடித்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பாபுவும் குடித்துவிட்டு நாக்கை மேலண்ணத்தில் தட்டித் தட்டிப் பார்த்தார். அந்த வாரக் கடைசியில் யாரும் யாரையும் கேட்கத் தேவையில்லாமல் போயிற்று. கிணறு உப்பாகிவிட்டது.

எல்லாரும் திரும்பிப் பார்த்தது நாலாவைத்தான். ஏற்றத்தில் கடல் ஏறிவரும் வழி அதுதானே, வேறெங்கே பார்ப்பார்கள்? அந்த வருடங்களில் தீவில் யாரிடம் உப்பு என்று சொன்னாலும் கடல் கரையைத் தாண்டி வந்துவிட்டது என்றுதான் அர்த்தம். நாங்கள் எல்லாரும் அதைக் கண்ணால் பார்த்தவர்கள். அதனால் நாலாக் கரையை உயர்த்தினோம். உப்பு குறையவில்லை. இன்னும் உயர்த்தினோம். அப்பாராவ் களிமண்ணைக் கொண்டுவந்து கொட்டி, இயந்திரத்தின் வாளியாலேயே அடித்து அடித்து இறுக்கினான். ஏற்றம் வரும் நேரங்களில் நானும் பாபுவும் கரையோரம் முழுக்கக் கசிவு தேடி நடந்தோம். ஒரு சொட்டு இல்லை. கரை காய்ந்து கிடந்தது, கிணறு மட்டும் நாளுக்கு நாள் மோசமானது. அக்கா குடத்தை எடுத்துக்கொண்டு மேட்டு வீடுகளுக்கு நடக்கத் தொடங்கினார். அப்போதும் எங்களுக்குத் தேநீர் மட்டும் தன் கிணற்றுத் தண்ணீரில்தான் போட்டார். பாபுவின் கட்டளையை அவர் எங்களுக்கு எதிராகவே நடத்திக்காட்டினார் என்று சொல்ல வேண்டும். மறுபேச்சில்லாமல் குடித்தோம்.

மழைக்காலம் தொடங்கியதும் பம்பு நின்றது. உள்ளே சுழலும் சக்கரம் உடைந்துவிட்டது. மெயின்லேண்டிலிருந்து சாமான் வரவேண்டும். கடல் கொந்தளிப்பில் கப்பல் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. நான் ஃபீனிக்ஸ் பே ஜெட்டிக்கும் சௌல்தாரிக்குமாக அலைந்து, கப்பலைத் திட்டாத திட்டெல்லாம் திட்டினேன். பள்ளம் அது பாட்டுக்கு நிரம்பி ஏரி மாதிரி நின்றது.

அப்படி ஒருநாள் ஜெட்டியிலிருந்து வெறுங்கையோடு நனைந்து திரும்பினேன். அக்கா தம்ளரை நீட்டினார். குடித்தேன். இன்னொரு வாய் குடித்தேன்.

"அக்கா, யார் வீட்டுத் தண்ணி இது?"

"நம்ம கெணத்துத் தண்ணிதான். ரெண்டு மூணு நாளாவே சாயம் நல்லா எறங்குது. சொன்னா கண்ணு பட்டுருமோன்னு சொல்லல."

பிஸ்வாஸ் பாபு தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு பள்ளத்தைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார், ஓடாத பம்பைப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. ஈரத் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கம்பால் படம் போட்டார். தீவுக்கடியில் மழைத்தண்ணீர் மேலே நிற்கிறது, கடல்தண்ணீர் கனமானதால் அதற்குக் கீழே நிற்கிறது. மேலே இருப்பதன் பாரம்தான் கீழே இருப்பதை அமுக்கி வைக்கிறது. நாங்கள் பள்ளத்தில் நல்ல தண்ணீரை இறைக்க இறைக்கப் பாரம் குறைந்து, உப்பு அடியிலிருந்து எழும்பியிருக்கிறது. கரைக்கு மேலாக வரும் என்று நாங்கள் காவல் காத்த கடல், காலுக்குக் கீழே வந்துகொண்டிருந்திருக்கிறது.

அத்தனை நாள் நான் தண்ணீர் என்று இறைத்துக் கொட்டியது அந்தக் கிணற்றின் மூடியை. அப்பாராவ் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "மழை பேஞ்சா எந்தக் கெணறும் இனிக்கும் பாபு. இதுக்கு ஏன் படம்?" என்றான். பாபு அவனைக் கடிந்துகொள்ளவில்லை. நல்ல கேள்வி என்றார். மழையா, நின்ற பம்பா, எது காரணம் என்று அவருக்கும் அப்போது நிச்சயமாகத் தெரியாது.

சாமான் வந்துசேர்ந்தது. பாபு மாட்டவேண்டாம் என்றார். எடுக்கவேண்டிய சரளையில் பெரும்பகுதி எடுத்தாகிவிட்டது. மீதியைக் கரையில் நின்றபடி தண்ணீருக்குள்ளிருந்தே அள்ளிக்கொள்ளலாம். ஆனால் அதோடு பிரச்சினை முடியவில்லை. எங்களை வேலைக்கு வைத்திருந்த கம்பெனிக்காரர்கள், கழியில் தூர்வாரும் சேறு நிறையக் கிடைக்கிறது, அதைக் கொட்டிப் பள்ளத்தை மூடிவிடுங்கள் என்றார்கள். அந்தச் சேறு முழுக்க உப்பு. நல்ல மண்ணால் மூடுவதென்றால் இன்னொரு மலையை வெட்டவேண்டும். எதைப் போட்டு மூடினாலும் மழையை வாங்கிக் கிணற்றுக்குப் பாரம் கொடுக்கும் இந்த நீர்நிலை போய்விடும். பள்ளத்தைக் குளமாகவே விடவேண்டும் என்பது பாபுவின் எண்ணம். அக்காவுக்கோ வாக்குக் கொடுத்தது நிலம்.

அவர் குடிசைக்கு நானும் பாபுவும் போன அந்தக் காலை நேரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பாபு இந்தியில் மெதுவாகச் சொன்னார், நான் தமிழில் சொன்னேன். தீவில் இத்தனை வருடம் இருந்தவருக்கு இந்தி புரியாமல் இல்லை. என் வாயாலும் கேட்கட்டும் என்றுதான் இருந்தார் போலும். முழுதும் கேட்டுவிட்டு, விறகைக் கொஞ்சம் உள்ளே தள்ளினார்.

"வீட்டத் தண்ணி எடுத்துச்சு. வயலத் தண்ணி எடுத்துச்சு. ஒரு துண்டு மண்ணு மிச்சம்னு ஒங்கள நம்பிக் குடுத்தேன். நீங்களும் எனக்குத் தண்ணியத்தான் தர்றீங்களா தம்பி?"

பாபு தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அந்த இடத்தை விட்டு ஓடிவிடலாம் போலிருந்தது. எங்கள் ஊரில் ஒருவருக்குக் குளம் வெட்டிக் கொடுத்தால் தலைமுறைக்கும் வாழ்த்துவார்கள். இந்த அம்மாவுக்கோ அதைச் சொல்வதே கொடுமையாக இருந்தது. நிலம் அவருடையது. மூடு என்று அவர் சொல்லிவிட்டால் மூடத்தான் வேண்டும். எழுந்து வாசலுக்கு வந்துவிட்டோம். அப்போது அவர் பின்னாலிருந்து கேட்டார்.

"பம்பு நின்னதாலதான் கெணறு நல்லாச்சுங்குறீங்க. மழையில நல்லாச்சுன்னு அந்தத் தெலுங்குத் தம்பி சொல்றான். யார் சொல்றத நான் நம்புறது?"

"அதத்தான் அக்கா எங்களாலயும் அடிச்சுச் சொல்ல முடியல."

"அப்ப இந்த மழையிலயே பம்பப் போடுங்க."

பாபு திடுக்கிட்டுத் திரும்பினார். "கிணறு மறுபடி கெட்டுப்போனால்?" என்றார்.

"கெட்டா கெடட்டும். வாழப்போறது நான். எனக்கு வாயால தெரியணும்."

என் வேலைக்காலத்தில் எத்தனையோ பரிசோதனைகளைப் பார்த்திருக்கிறேன். தனக்கு மிச்சமிருந்த ஒரே நல்ல பொருளைத் தானே கொண்டுவந்து பணயம் வைத்த ஆளை அவரைத் தவிர வேறு யாரையும் பார்த்ததில்லை. பம்பை மாட்டினேன். கொட்டுகிற மழையில் பள்ளத்தை இறைக்கிற பைத்தியக்காரர்களை ஊரே வந்து வேடிக்கை பார்த்தது. போதாதென்று அப்பாராவ் இன்னொரு பம்பையும் இரவல் வாங்கிவந்தான். தன் கட்சி ஜெயிக்கவேண்டும் என்று அவனுக்கும் ஆசை. தண்ணீர் இறங்க இறங்கக் காலையில் நால்வரும் குடிசைக்கு முன்னால் கூடுவோம். அக்கா ஒரே பாத்திரத்தில் போட்டு நான்கு தம்ளரில் ஊற்றுவார். குடித்துவிட்டு அவர் முகத்தைப் பார்ப்போம். முதலில் ஒன்றும் இல்லை. அப்பாராவ் மீசையை முறுக்கிக்கொண்டான். அந்த நாட்களில் எனக்குத் தூக்கமே பிடிக்கவில்லை. பாபு சொன்னது சரி என்று நிரூபணமாகவேண்டும் என்று ஒரு மனசு, அந்தக் கிணறு கெடவே கூடாது என்று ஒரு மனசு.

ஒருநாள் நாங்கள் குடிப்பதற்கு முன்பே அவர் தம்ளர்களைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அப்போதும் மழை பெய்துகொண்டுதான் இருந்தது. தேநீரின் மேல் அந்த ஆடை படிந்திருந்தது. தன்னுடையதை ஒரு வாய் குடித்துவிட்டு வெளியே கொட்டினார்.

"போதும் தம்பி. நிறுத்து."

ஓடிப்போய் நிறுத்தினேன். அப்பாராவ் யாரும் சொல்லாமலே இரவல் பம்பின் குழாயைக் கழற்றிச் சுருட்டினான்.

அதன்பிறகு அக்கா ஒரு நாள் முழுக்கப் பள்ளத்தின் ஓரத்தில் சுற்றிச் சுற்றி வந்தார். மறுநாள் அவரே வந்து சொன்னார். வீட்டுப் பக்கத்தில் பாதியை மூடிச் சரிவாக்கிப் படி படியாக மண் போட்டுத் தரவேண்டும், வாழைக்கு அது போதும். மீதி குளமாகவே இருக்கட்டும். ஆனால் ஒரு கண்டிப்பு. தண்ணீர் ஒரு அளவுக்கு மேல் ஏறி வீட்டுப் பக்கம் வரவே கூடாது. அந்த அளவு எது என்று அவரே கல்லை வைத்துக் காட்டுவார். நான் எங்கள் ஊர்க் கண்மாயில் உபரித்தண்ணீர் வழியும் கலுங்கைப் பற்றிச் சொன்னேன். பாபுவுக்கு அந்தச் சொல் பிடித்துப்போய், "கலுங்கு, கலுங்கு" என்று வங்காள வாயால் நாள் முழுக்கச் சொல்லிப் பார்த்தார். அந்தக் கலுங்கைக் கட்டி, சுற்றுவாய்க்காலை உடைத்து, மலைத்தண்ணீரை வண்டல் குழி வழியாகக் குளத்துக்குத் திருப்பினோம். சரளை சலித்து ஒதுக்கிய மண்ணே பாதிப் பள்ளத்தை மூடப் போதுமாக இருந்தது. பயறு விதைத்து உயிரோடு வைத்திருந்த மேல்மண்ணை அந்தச் சரிவில் பரப்பினோம். பிடித்துப் பார்த்தால் புட்டுமாவு மாதிரி இருந்தது. அப்பாராவ் அதற்குப் பிறகு போர்வையைப் பற்றிப் பேசவில்லை.

எல்லாம் முடிந்து அடுத்த வெயில்காலமும் போனபின், வேலையை ஏற்றுக்கொள்ள ஓர் அதிகாரி வந்தார். குறை சொல்ல முடியாத மனிதர், விதிப்படி நடப்பவர். பள்ளத்தை மூடிச் சமன்செய்து தரவேண்டும் என்று இருக்கிறது, நீங்கள் குளத்தை அல்லவா காட்டுகிறீர்கள் என்றார். பாபு படம்போட்டு விளக்கினார். அவர் பொறுமையாகக் கேட்டார். ஆனாலும் நிலத்துக்காரி தன் நிலம் கைக்கு வந்ததாகச் சொல்லவேண்டும், இல்லையென்றால் இந்த வேலையை முடிந்ததாகக் கருத முடியாது, பாபுதான் பதில் சொல்லவேண்டிவரும் என்றார்.

அக்காவைக் கூப்பிட்டோம். தேநீர் தட்டோடு வந்தார். பாபு அவர் முகத்தைப் பார்க்காமல் கம்பின் வளையங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதிகாரி தமிழ் தெரிந்தவர். நேராகவே கேட்டார்.

"உங்க நிலத்தைத் திருப்பிக் குடுத்துட்டாங்களாம்மா?"

அக்கா திரும்பிக் குளத்தைப் பார்த்தார். கலுங்குக் கல்லுக்கு ஒரு சாண் கீழே தண்ணீர் நின்றது. அவசரப்படாமல் பார்த்துவிட்டுத் தட்டை அதிகாரி பக்கம் நீட்டினார்.

"குடுத்துட்டாங்க சார். காஞ்சு போயிரக் கூடாதுன்னு மேல தண்ணி ஊத்திக் குடுத்துருக்காங்க. தேத்தண்ணி எடுத்துக்குங்க."